செம்மறி மேய்ந்தால் கொழுக்கட்டைப் புல் அழியுமா?

கால்நடை மருத்துவனான எனக்கு மூலனூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இரண்டையும் விட்டுவிட்டேன். ஆட்டுக் கணக்கும் ஏக்கர் கணக்கும் மட்டும் அவர் எழுதியபடியே இருக்கின்றன, அவை இல்லாமல் பதில் சொல்ல வழியில்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலையில் இருந்தவர், அப்பா தவறியபின் ஊர் திரும்பி அவர் விட்டுப்போன 45 மயிலம்பாடி இனச் செம்மறி ஆடுகளையும் எட்டு ஏக்கர் கொறங்காட்டையும் (வேலி கட்டிய மானாவாரி மேய்ச்சல் காடு) பார்த்துக்கொள்கிறார். காடு இரண்டு துண்டு, துண்டுக்கு நாலு ஏக்கர். சுற்றிலும் முள்ளுக்கிளுவை வேலி, உள்ளே அங்கங்கே வெள்வேல் மரங்கள். அப்பாரு காலத்தில் முழங்காலுக்கு மேல் நின்ற கொழுக்கட்டைப் புல் இப்போது கார்த்திகை மழை முடிந்தும் கணுக்காலைத் தாண்டுவதில்லை, தூருக்குத் தூர் இடையில் செம்மண் பல் இளிக்கிறது, கொளிஞ்சியும் ஆவாரையும் ஏறிவிட்டன என்கிறார்.

பட்டா இன்னும் சித்தப்பாவோடு கூட்டாக இருக்கிறது. அவருடைய நாலு மாடுகளும் அதே காட்டில்தான் மேய்கின்றன. சித்தப்பா சொல்வது: "ஆட்டு வாயில விஷம், அது கடிச்ச புல்லு தழையாது, வேரோட புடுங்கித் தின்னுரும். ஆட்டை வித்துட்டு மாடு மட்டும் மேயட்டும்." சென்னையில் இருக்கும் அண்ணன் சொல்வது: இரண்டு வருஷம் காட்டைப் பூட்டிப் போடு, புல் தானாக வந்துவிடும். யூடியூபில் ஒருவர் சொல்வது: ஆடு மேய மேயத்தான் புல் பெருகும், ஆட்டை இரட்டிப்பாக்கு. ஆட்டு வியாபாரி சொல்வது வேறு ஒன்றுமில்லை, பாதியை எனக்குக் கொடு. கடிதத்தின் கடைசியில், "ஆடு மேய்வதால் புல் வளருமா, அழியுமா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் டாக்டர்" என்று முடித்திருக்கிறார்.

ஒரே வார்த்தையில் முடியாது, அம்மணி. முடியும் என்றால் உங்களுக்கு ஆலோசனை சொன்ன நாலு பேரில் ஒருவராவது சரியாகச் சொல்லியிருப்பார். ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உங்கள் காட்டைக் கெடுத்தது ஆட்டின் முதல் கடி இல்லை, இரண்டாவது கடி. கடிபட்ட புல் மறுபடி இலை விட்டு நிமிர்வதற்குள், அதே தூரை அதே ஆடு வந்து திரும்பக் கடிக்கிறதே, அது. ஆட்டை எண்ணுவதற்கு முன்னால் நாட்களை எண்ண வேண்டும். கீழே எழுதியிருப்பது எல்லாம் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

ஆட்டு வாயில் விஷமா?

இல்லை. ஆட்டு எச்சிலில் புல்லைக் கொல்லும் சரக்கு எதுவும் கிடையாது. இந்தப் பேச்சு ஊர் ஊருக்கு இருக்கிறது, அது எதைப் பார்த்து வந்தது என்றும் தெரிகிறது. ஒரு ஆட்டின் வாயைத் திறந்து பாருங்கள், மேல் தாடையில் முன்பல்லே இருக்காது, கெட்டியான ஈறு மட்டும்தான். கீழே எட்டு வெட்டுப்பல். மாட்டுக்கும் இதே அமைப்புதான், ஆனால் மாடு நாக்கை நீட்டிப் புல்லைச் சுருட்டி இழுக்கும். புல் நாக்கில் சிக்கும் அளவுக்கு உயரமாக இருந்தால்தான் அதற்கு வயிறு நிறையும். செம்மறிக்கு மேலுதடு நடுவில் பிளந்திருக்கிறது, ஒவ்வொரு பாதியையும் விரல் மாதிரி தனித்தனியாக அசைத்து, ஒரு இலையை மட்டும் பொறுக்கி எடுத்து, தரையை ஒட்டி நறுக்கிவிடும். மாடு விட்டுப்போன ஒரு விரல்கடைப் புல்லில்கூட ஆடு நாள் முழுக்க மேயும். அதைப் பார்ப்பவருக்கு ஆடு புல்லை மொட்டையடிக்கிறது, மாடு அடிக்கவில்லை என்றுதான் தோன்றும். சித்தப்பாவின் கண் பார்த்தது பொய்யில்லை, அதற்கு அவர் சொன்ன காரணம்தான் தப்பு.

வேரோடு பிடுங்குவதும் அப்படித்தான். நன்றாக வேர் பிடித்த பழைய கொழுக்கட்டைத் தூரை ஆடு பிடுங்காது, அதனால் முடியவும் முடியாது. ஆனால் விதைத்து ஒரு மாதம்கூட ஆகாத நாற்று, மழையில் ஊறிய பொலபொல மண்ணில் நின்றால் வந்துவிடும். புதிதாக விதைத்த இடத்தில் நாலைந்து நாற்றின் இலையை விரலால் பிடித்து ஆடு இழுப்பது மாதிரி வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். இலை அறுந்து கையோடு வந்தால் ஆட்டை விடலாம், செடியே வந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும்.

தூருக்குள் என்ன நடக்கிறது

காட்டுக்குள் போய் ஒரு கொழுக்கட்டைத் தூருக்கு முன்னால் குந்தி உட்காருங்கள். இலைகளை இரண்டு கையாலும் விலக்கிப் பார்த்தால், அடியில், மண்ணை ஒட்டி, தண்டு கொஞ்சம் குண்டாக இருக்கும். அதுதான் புல்லின் பானை. மழை நின்றபின், வெயில் காலம் முழுக்க மேலே எல்லாம் காய்ந்து போனாலும் அடுத்த மழைக்கு முளை விடுவதற்கான சத்து அதற்குள்தான் இருக்கிறது. இலை வளரும் மொட்டும் அங்கேயே, தரையோடு தரையாக இருக்கிறது. மரத்தில் நுனியைக் கிள்ளினால் அந்தக் கிளை அதோடு நிற்கும். புல்லில் அப்படியில்லை, இலை அடியிலிருந்து மேலே தள்ளப்பட்டு வளர்கிறது. நுனியை ஆடு கடித்தாலும் அடியிலிருந்து மீதி இலை நீண்டுகொண்டே வரும். கோடிக்கணக்கான வருஷமாக ஏதாவது ஒரு வாய் புல்லைக் கடித்துக்கொண்டேதான் இருக்கிறது, அதற்கு ஏற்ற உடம்பு அதற்கு உண்டு.

கடிப்பதில் நன்மையும் இருக்கிறது. மேலே காய்ந்த தாள் மண்டிக் கிடந்தால் தூரின் அடிக்கு வெளிச்சம் போகாது, அடி மொட்டுகள் உறங்கிக் கிடக்கும். ஆடு மேய்ந்து வெளிச்சம் விழுந்ததும் அவை பக்கக் கிளைப்பாக வெளியே வரும், தூர் அகலும், புதிய இலையில் புரதம் கூடும். யூடியூபில் அவர் சொன்னது இந்த அளவில் சரிதான். ஆனால் மேய மேயப் புல்லின் மொத்த எடை கூடிக்கொண்டே போகும் என்பதை நம்பாதீர்கள். பொதுவாகக் கிடைப்பது இளசான, சத்தான புல்; எடையில் பெரிய லாபம் இருக்காது. அவர் காட்டிய பச்சை அடிக்கடி மழை கிடைக்கிற இடத்துப் பச்சை என்பது அந்த வீடியோவைப் பார்த்ததுமே தெரிகிறது. நம் பக்கம் வருஷத்துக்கு 600 மில்லிமீட்டரை ஒட்டிய மழை, அதில் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வந்து இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போகும்.

கெடுதல் எங்கே ஆரம்பிக்கிறது என்றால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில். அமெரிக்க வேளாண் துறையில் கிரைடர் என்பவர் பல வகைப் புற்களை வெவ்வேறு அளவில் வெட்டி, வேரைக் கவனித்து, 1955-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். இலையில் பாதிக்குள் வெட்டியபோது வேர் பாட்டுக்கு வளர்ந்தது. பாதிக்கு மேல் போனதும் வேர் வளர்ச்சி தடுமாற ஆரம்பித்தது. 80 சதவீதம் வெட்டியபோது 12 நாள் அப்படியே நின்றுபோனது. 90 சதவீதத்தில் இரண்டு வாரத்துக்கும் மேல். இலை இல்லாத புல்லுக்கு வெயிலிலிருந்து சமைக்க அடுப்பு இல்லை. பானையிலிருந்து எடுத்துத்தான் முதல் இலையை விடுகிறது. அந்த முதல் இலை விரிந்து, தன் செலவைத் தானே பார்த்து, பானையையும் நிரப்ப மூன்று நாலு வாரம் வேண்டும். அதற்குள், ஏழாவது நாளோ பத்தாவது நாளோ, அந்த இளம்பச்சையை ஆடு தேடி வந்து கடிக்கிறது, ஏனென்றால் காட்டிலேயே அதுதான் ருசி. மறுபடி பானையில் கை. இப்படி நாலைந்து முறை. வேர் குட்டையாகிறது. குட்டை வேருக்கு, மேல் மண் காய்ந்த பத்தாவது நாளே தாகம் எடுக்கிறது, பக்கத்து நிலத்தில் புல் பச்சையாக நிற்கும்போதே உங்கள் காட்டுப் புல் வாடுகிறது. பார்ப்பவர்கள் மழை போதவில்லை என்பார்கள். மழை பெய்தது, குடிக்க வேர்தான் இல்லை.

கொளிஞ்சியும் ஆவாரையும் ஏறியதும் இதனால்தான். ஆடு அவற்றைப் பெரும்பாலும் தொடாது. நல்ல புல் மட்டும் திரும்பத் திரும்பக் கடிபட்டு இளைக்க, கடிபடாத செடி இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆடு களையை விதைக்கவில்லை, போட்டியில் ஒருவரை மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது, அவ்வளவுதான். இதே கதை அடுத்து ஊசிப்புல் வரைக்கும் போகும். அது வந்துவிட்டால் விதை ஆட்டின் தோலிலேயே குத்தி ஏறும், அந்தக் கட்டம் இன்னும் உங்களுக்கு வரவில்லை என்று கடிதத்திலிருந்து தெரிகிறது.

பாதி ஆட்டை விற்றால் போதுமா?

இதே ஆலோசனையை நானே ஒருவருக்குச் சொல்லிக் கெட்ட பெயர் வாங்கியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிது, தாராபுரம் பக்கம் ஒரு பெரியவர், அறுபது ஆடு, ஐந்து ஏக்கர். பாதியைக் கழித்துவிடுங்கள் என்று ஏதோ பெரிய மனுஷன் மாதிரி சொல்லிவிட்டு வந்தேன். அவரும் கழித்தார். இரண்டு வருஷம் கழித்து வேறு வேலையாக அங்கே போனால், காட்டின் முக்கால் பாகத்தில் புல் முற்றித் தாளாகி நிற்கிறது, கால் பாகம் தரையோடு மொட்டை. முப்பது ஆடும் தினமும் அந்தக் கால் பாகத்துக்கே போய் அங்கேயே சுரண்டிக்கொண்டிருந்தன, மற்ற இடத்துப் புல் முற்றிப் போனதால் அவற்றுக்குப் பிடிக்கவில்லை. "நீங்க சொன்னபடி ஆட்டையும் வித்தாச்சு, புல்லும் போச்சுங்க தம்பி" என்றார். திட்டவில்லை. மோர் கொடுத்தார். அது இன்னும் சங்கடமாக இருந்தது.

எண்ணிக்கையைக் குறைப்பது தப்பில்லை, உங்களுக்கும் அது ஒரு சமயத்தில் தேவைப்படும், எப்போது என்று கீழே சொல்கிறேன். ஆனால் காவல் இல்லாமல் வருஷம் முழுக்கத் திறந்து கிடக்கும் காட்டில் பத்து ஆடு இருந்தாலும் பிடித்த தூரை அவை விடாது.

அண்ணன் சொல்லும் இரண்டு வருஷப் பூட்டு? ஒரு வருஷ மழைக்குப் புல் நன்றாக எழும்பும், அதை நானும் ஒத்துக்கொள்கிறேன். இரண்டாம் வருஷம் பழைய தாள் மண்டி அடி இருட்டாகிவிடும். 45 ஆட்டுக்கு அந்த இரண்டு வருஷம் தீவனம் எங்கிருந்து வரும், அதை அண்ணன் ஜிபேயில் அனுப்புவாரா என்றும் கேளுங்கள். ஆட்டை விற்றுவிட்டுப் பூட்டினால், திரும்ப மந்தை கட்ட நாலைந்து வருஷம் ஆகும்.

நேப்பியர் புல், கோ எஃப்எஸ் 29 தீவனச் சோளம் போடலாமா என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். கிணற்றில் தண்ணீர் இருந்தால் கால் ஏக்கர் போடுங்கள், அறுத்துப் போட உதவும். மேய்ச்சல் காட்டை உழுது அதை நடுவது வேண்டாம். இரண்டுமே தண்ணீர் காட்டி, அறுத்துப் போடும் பயிர். கொறங்காட்டு மண்ணில் மழையை மட்டும் நம்பி நின்று, ஆடு கடித்தும் எழும்புகிற பயிர் இல்லை.

எட்டுத் துண்டாகப் பிரியுங்கள்

எட்டு ஏக்கரையும் ஏக்கருக்கு ஒன்றாக எட்டாகப் பிரித்து, மழைக்காலத்தில் ஒரு துண்டில் நாலு நாள், அப்புறம் அடுத்தது. கடைசித் துண்டு முடிந்து முதல் துண்டுக்கு வரும்போது அதற்கு 28 நாள் ஓய்வு கிடைத்திருக்கும். பானை நிரம்ப நான் சொன்ன மூன்று நாலு வாரம் இதுதான்.

ஒரு ஏக்கரில் 45 ஆட்டுக்கு நாலு நாள் தாங்குமா? யார் சொல்வதையும் நம்ப வேண்டாம், அளந்து பாருங்கள். குச்சிகளை மீட்டருக்கு மீட்டர் சதுரமாகக் கட்டி, புல் சுமாராக இருக்கும் இடத்தில் வீசுங்கள். அதற்குள் இருப்பதை அரிவாளால் தரையை ஒட்டி அறுத்து, வெயிலில் நொறுங்கக் காயவைத்து எடை போடுங்கள். இப்படி ஐந்தாறு இடத்தில் செய்து சராசரி எடுங்கள். நூறு கிராம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 4,047 சதுர மீட்டர், ஆக 400 கிலோ சொச்சம். பாதியைத்தான் ஆட்டுக்குக் கொடுக்கலாம், மீதி பாதி புல்லுக்கு, ஆக 200 கிலோ. முப்பது கிலோ எடையுள்ள ஆடு நாளைக்குக் காய்ந்த எடையில் ஒரு கிலோவை ஒட்டித் தின்னும், 45 ஆட்டுக்கு 45 கிலோ. நாலு நாளுக்கு 180. சித்தப்பா மாடு இல்லாமல் சரியாக வருகிறது. மாடும் சேர்ந்து மேய்ந்தால் அல்லது எடை நூறுக்குக் கீழே வந்தால் இரண்டு நாள், மூன்று நாளில் மாற்றிவிட்டு, குறைகிற நாளுக்குப் பட்டியில் தீனி போடுங்கள். சுற்று மட்டும் 28 நாளுக்குக் கீழே வரக்கூடாது.

நாள் கணக்கை விடவும் நம்பகமானது உங்கள் விரல். நாலு விரலை ஒன்று சேர்த்துத் தூரின் பக்கத்தில் வையுங்கள். அந்த உயரத்துக்குப் புல் இறங்கியதும் ஆடு வெளியே, நாலாவது நாள் ஆகியிருந்தாலும் சரி, இரண்டாவது நாளானாலும் சரி.

பிரிப்பதற்கு இப்போதே கிளுவைப் போத்து (வெட்டிய கிளை) நட்டுவிடுங்கள், வேலியாக எழும்ப வருஷங்கள் ஆகும், அதுவரைக்கும் ஆட்டு வலை போதும். எல்லாத் துண்டும் திறக்கிற மாதிரி நடுவில் ஒரு சின்ன இட்டேரி (வேலிகளுக்கு நடுவே போகும் பாதை) விட்டால் ஒரே தண்ணீர்த் தொட்டியை வைத்து ஓட்டிவிடலாம். சோலார் வேலி போடுவதானால் அதற்கென்று விற்கும் கருவியை வாங்குங்கள். வீட்டுக் கரண்டைக் கம்பியில் நேராகக் கொடுக்கும் வேலையை யாராவது செலவில்லாமல் செய்து தருகிறேன் என்றால் அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள், அது குற்றம், ஆளையும் கொல்லும்.

இந்தச் சுற்றில் இன்னொரு லாபம் இருக்கிறது, கால்நடை மருத்துவனாக எனக்கு அதுதான் பெரிது. குடற்புழுவின் முட்டை புழுக்கையோடு விழுந்து, ஈரமான வெப்பத்தில் நாலைந்து நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் ஆட்டைத் தொற்றும் குட்டிப்புழுவாகி, புல்லின் அடிப்பகுதியில் ஏறிக் காத்திருக்கும். மொட்டையாக மேய்ந்த காட்டில் ஆடு அந்த அடிப்பகுதியைத்தான் நக்குகிறது. டோங்கா தீவில் வெள்ளாடுகளைப் பத்துத் துண்டில், துண்டுக்கு மூன்றரை நாள் என்று சுற்றி விட்டபோது புழுத் தொல்லை நன்றாகவே குறைந்தது. சூடும் ஈரமும் உள்ள இடத்தில் குட்டிப்புழு சில வாரத்திலேயே செத்துவிடுவதால்தான் அது பலித்தது. நம் ஊர் பனிக்காலத்தில் அது கூடுதல் நாள் தாக்குப்பிடிக்கும், அதனால் மருந்தே வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள், புழுக்கையைப் பரிசோதித்துவிட்டுக் கொடுங்கள்.

முதல் மழையில் ஆட்டை விடாதீர்கள்

உங்கள் கடிதத்தில் நீங்கள் பெருமையாகச் சொன்ன ஒரு விஷயம்தான் என்னைக் கவலைப்பட வைத்தது. "மழை விழுந்து பச்சை தெரிந்த அன்றைக்கே அவிழ்த்து விட்டுவிடுவேன், பாவம் அதுகளும் ஆறு மாசம் காய்ந்து கிடந்ததுகள்" என்று எழுதியிருக்கிறீர்கள். புரிகிறது. ஆனால் புல் தன் பானையைத் துடைத்து எடுத்து முதல் இலை விடும் நாள் அது. வருஷத்தில் வேறு எந்த நாளிலும் கடிபட்டால் தாங்கும், அன்றைக்குத் தாங்காது. முதல் நல்ல மழைக்குப் பின் மூன்று வாரமாவது ஆட்டைப் பட்டியில் வைத்துச் சோளத்தட்டும் கடலைக்கொடியும் போடுங்கள்.

அதோடு, காய்ந்ததையே தின்று பழகிய ஆடு திடீரென்று இளம்பச்சையை வயிறு முட்ட மேய்ந்தால் துள்ளுமாரி வரும். நேற்று நன்றாக இருந்த கொழுத்த குட்டிதான் காலையில் காலை உதறி விழுந்து கிடக்கும். மழைக்கு முன்னால் அதற்கான தடுப்பூசியைப் போட்டுவிடுங்கள், பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேட்டால் சொல்வார்கள். இறக்கும்போதும் ஒரேயடியாக இல்லாமல், தட்டு கொஞ்சம் தின்ன வைத்து, முதல் நாலைந்து நாள் காலையில் இரண்டு மணி நேரம் மட்டும்.

வருஷத்துக்கு இரண்டு துண்டை மட்டும் கதிர் முற்றி விதை உதிரும் வரை தொடாமல் விடுங்கள், அடுத்த வருஷம் வேறு இரண்டு. அந்த நாட்களில் சுற்று ஆறு துண்டுக்குள் வந்துவிடும், துண்டுக்கு நாலு நாள் என்றால் 24 நாள்தான் ஆகும் என்பதால், முடிந்ததும் நாலு நாள் பட்டித் தீனி. விதை உதிர்ந்தபின் தாளை ஆடு மேயும்போது மிதிபட்டு விதை மண்ணில் அமுங்கும், அந்தக் கால் உங்களுக்கு உழவு மாதிரி.

மண் தெரியும் இடங்களுக்கு அது போதாது, விதைக்க வேண்டும். அங்கே மட்டும் பழைய முறைப்படி மழைக்கு முன்னால் மேலாக ஓர் உழவு ஓட்டி, கொழுக்கட்டை விதையை மணலும் பொடித்த எருவும் கலந்து தூவி, முள்ளை இழுத்து மூடுங்கள், ஆழமாகப் போனால் முளைக்காது. இந்த வருஷம் அறுத்த விதையை இந்த வருஷமே போடாதீர்கள், அதற்கு உறக்கம் உண்டு, போன வருஷத்து விதை வேண்டும். கூடவே கொஞ்சம் முயல் மசால் என்ற தீவனச் செடியின் விதை. அதன் விதைத்தோல் கெட்டி, 80 டிகிரி வெந்நீரில் நாலு நிமிஷம் போட்டு எடுத்து ஆறவைத்து விதையுங்கள்.

எருவை விற்கிறீர்களே

பட்டி பதினைந்து வருஷமாகக் கடவுக்கு (காட்டின் வாசலுக்கு) பக்கத்திலேயே இருக்கிறது, எருவை வெங்காயக் காட்டுக்காரர்கள் நல்ல விலைக்கு ஏற்றிப்போகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். ஆடு தின்னும் தழைச்சத்தில் முக்கால் பங்குக்கு மேல் புழுக்கையாகவும் மூத்திரமாகவும் திரும்ப வந்துவிடுகிறது. வருவது எங்கே என்பதுதான் கேள்வி. பகல் முழுக்க எட்டு ஏக்கரில் தின்றதை ராத்திரி ஐந்து சென்ட்டில் போட்டு, அங்கிருந்து லாரியில் ஏற்றி அனுப்பினால், வருஷா வருஷம் உங்கள் காட்டு மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக வெங்காயக் காட்டுக்கு விற்கிறீர்கள் என்று அர்த்தம். பதினைந்து வருஷத்துக் கணக்கு அது. பட்டியைச் சுற்றிய தட்டியான படலைப் பிடுங்கி நட்டு, மேயும் துண்டிலேயே மொட்டையான இடங்களில் ராத்திரி அடையுங்கள், ஓர் இடத்தில் இரண்டு மூன்று ராத்திரிக்கு மேல் வேண்டாம். நரி, நாய்த் தொல்லை இருந்தால் காவல் தேவைப்படும், அந்தச் செலவையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். முழுதாக முடியாவிட்டால் எருவில் பாதியையாவது காட்டுக்குள் திரும்பக் கொட்டுங்கள்.

வேலியில் சீமைக்கருவேல் தலைகாட்டியிருந்தால் காய் விடும் முன்னால் வெட்டுங்கள். அதன் நெற்றை ஆடு ஆசையாகத் தின்று, விதைகளில் பலவற்றைச் சேதாரமில்லாமல் காடு முழுக்கப் புழுக்கையோடு போட்டுவிடும். வெள்வேல் நெற்றும் இதே வழியில்தான் முளைக்கிறது, அது வேண்டிய மரம், நம் பெரியவர்கள் அதற்காகவே ஆட்டுக்குப் போட்டார்கள்.

மார்கழிக் கணக்கு

எண்ணிக்கையைக் குறைக்கும் சமயம் என்று சொன்னேனே, அது மழை நின்றபின், மார்கழியில். அதற்கு மேல் புல் வளராது, ஓய்வு கொடுத்தாலும் வளராது, இருப்பதை வைத்து ஓட்ட வேண்டும். தையிலிருந்து ஆனி வரை 180 நாள் என்று வைத்தால் 45 ஆட்டுக்கு 8,100 கிலோ காய்ந்த தீனி வேண்டும். நிற்கும் தாள், வாங்கிய தட்டு, கடலைக்கொடி, வெள்வேல் நெற்று எல்லாம் சேர்த்துக் கூட்டுங்கள். குறைகிறது என்றால் கிடாக் குட்டிகளையும் வயதான பெட்டைகளையும் அப்போதே, உடம்பில் கறி இருக்கும்போதே விற்றுவிடுங்கள். பங்குனியில் எலும்பு தெரிந்தபின் விற்றால் வியாபாரி சொல்வதுதான் விலை. வறட்சியில் காய்ந்த தூரை மண்ணோடு சுரண்ட விட்டால் அடுத்த மழைக்கான மொட்டும் போய்விடும், அதற்கும் அதே நாலு விரல்தான்.

சித்தப்பா விஷயம்

கூட்டுப் பட்டாவில், பாகம் பிரியாத காட்டில், உங்களுக்கும் உரிமை உண்டு, அவருக்கும் உண்டு. ஆட்டை வெளியேற்று என்று அவர் தனியாக உத்தரவு போட முடியாது, மாட்டை ஓட்டு என்று நீங்களும் சொல்ல முடியாது. பாகம் பிரிப்பது பற்றி யோசிப்பதானால் பத்திரங்களோடு ஒரு வக்கீலைப் பாருங்கள், அது என் வேலை இல்லை. ஆனால் புல்லுக்காகப் பிரிய வேண்டிய அவசியம் இல்லை. மாடும் ஆடும் ஒரே காட்டில் இருப்பது நல்லதுதான். உயரப் புல்லை மாடு முதலில் இரண்டு நாள் மேய, பின்னால் ஆடு இரண்டு நாள் மேயலாம், ஆட்டை வாட்டும் முக்கியமான குடற்புழு மாட்டின் வயிற்றில் சரியாகப் பிழைக்காது என்பதால் மாடு உங்கள் காட்டைக் கொஞ்சம் சுத்தமும் செய்து கொடுக்கிறது. மாட்டுக்கான தீனியை மட்டும் அந்தச் சதுரக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், ஒரு மாடு ஏறக்குறைய ஆறேழு ஆட்டுக்குச் சமம், ஆக அவருடைய நாலு மாடு உங்கள் மந்தையில் பாதிக்கு மேல்! இதைச் சண்டையாகச் சொல்லாமல் கணக்காகச் சொல்லுங்கள். எந்தத் துண்டு, எத்தனை நாள், யார் வலை வாங்குவது, யார் எரு எடுப்பது, ஒரு வருஷத்துக்கு ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டால் போதும்.

அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் வாதாட வேண்டாம். வேலியோரமாகக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்: கிளுவை முள்ளுக்குள் ஆட்டு வாய் எட்டாத இடத்தில் அதே கொழுக்கட்டை முழங்கால் உயரம் நிற்கும், அதற்கு ஒரு முழம் தள்ளி மொட்டை. மண் ஒன்று, மழை ஒன்று. வேலியில் கழித்துப்போட்ட முள்ளை எடுத்து, இளைத்த தூர்கள் இருக்கும் இடத்தில் முறத்தளவு வட்டமாக அடுக்கி, இருபத்தெட்டு நாள் விடுங்கள். அப்படி நாலு வட்டம். வட்டத்துக்கு வெளியே பத்துத் தூரில், தூருக்கு ஒரு கிளைப்பாக, அடியில் மண்ணை ஒட்டி, பனியன் கம்பெனிச் சிவப்பு நூலை ஒரு சுற்று கட்டி, இரண்டு நாளைக்கு ஒரு தரம் போய்ப் பார்த்து, கடிபட்டிருந்தால் நோட்டில் ஒரு கோடு போடுங்கள். ஒரு மாதத்தில் ஒரு கிளைப்புக்கு எத்தனை கோடு விழுகிறது என்று எண்ணி எனக்கு எழுதுங்கள். நாலு வட்டத்தையும் அடுக்கிய தேதியையும் அந்த வாரம் பெய்த மழையையும் சேர்த்து எழுதினால், துண்டுக்கு நாலு நாளா மூன்று நாளா என்று அடுத்த கடிதத்தில் சரியாகச் சொல்லிவிடலாம்.